மருப் பாத்தியின் மேல் கல் பதித்தார்கள்

1

போன வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே போனைத் திறந்தேன். எங்கள் குடும்பத்து வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. புங்குடுதீவு இறுப்பிட்டியில் உள்ள எங்கள் வீட்டு வளவு. வாசல் படலையிலிருந்து கிணற்றடி வரை, கிணற்றடியிலிருந்து பின்வேலி வரை, ஓரிடம் மிச்சம் விடாமல் சிவப்பும் சாம்பலுமாகக் கல் பதித்திருந்தார்கள். கனடாவில் இருக்கும் என் அண்ணை கீழே எழுதியிருந்தார்: ‘வளவு வேலை இனிதே நிறைவு. ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி.’ அதற்குக் கீழே கட்டைவிரல்கள், கும்பிட்ட கைகள், பூங்கொத்துகள்.

நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். கிணற்றுக்குத் தெற்கே, பப்பாசி மரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்தி இருக்கவேண்டும். கடல் முருகைக்கல் அடுக்கி, மண் நிரவி, முழங்கால் உயரத்துக்கு எழுப்பிய பாத்தி. அதில் மரு நின்றது. பூமாலைக்குள் இடையிடையே வைத்துக் கட்டுவார்களே, சின்ன இலையும் பெரிய வாசனையுமாக ஒரு செடி, அதுதான். பப்பாசியையும் காணவில்லை, பாத்தியையும் காணவில்லை.

அந்தப் பாத்தி என்னுடையதல்ல. எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் றெஜினாவுடையது. கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவளுடைய மனுசன் முதுகு ஏலாமல் வீட்டோடு இருக்கத் தொடங்கியபின், அவர்களுடைய அடுப்பு எரிந்தது அந்த இலையால்தான். அதன் மேல் கல்லைப் பதித்துவிட்டு, ‘இனிதே நிறைவு’ என்கிறார் அண்ணை. ஒரு காலில் சப்பாத்தும் மறுகாலில் வெறும் மேசுமாகக் குசினிக்குள் மேலும் கீழும் நடந்தேன். ஊரில் உள்ளவர்கள் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வாசிக்கட்டும். உறவுக்காரரும் வாசிக்கட்டும்.

2

மருவை எனக்கு அறிமுகப்படுத்தியது ஊர் அல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஊரில் அது கோயில் மாலைக்குள் வாடிக் கிடக்கும் ஒரு பச்சை. யார் வளர்த்தார்கள், எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஜேர்மனிக்கு வந்து, பிள்ளை பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபிறகு முதியோர் இல்லமொன்றின் குசினியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கிறிஸ்டா என்றொரு தலைமைச் சமையற்காரி. நல்ல உயரம், பெரிய குரல். முதல் நாள் உருளைக்கிழங்கு சூப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனவள், திரும்பி வந்து ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு, “இதில் மாயோரான் எங்கே?” என்றாள். அது என்ன சாமான் என்றே தெரியாமல், “போட்டேன்” என்றேன். வந்த புதிதில் எது கேட்டாலும் ஓம் போட்டுத் தப்பிப்பது என் வழக்கம்.

அவள் அலுமாரியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, காய்ந்த இலையைக் கையில் கொட்டி, இரண்டு உள்ளங்கைகளாலும் கசக்கிச் சூப்புக்குள் தூவினாள். வந்த வாசனையில் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அம்மன் கழுத்தில் கிடக்கவேண்டிய சாமான் இங்கே கிழங்குக்குள் கொதிக்கிறது! கிறிஸ்டா நான் தன்னைத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு அவளே எல்லாம் சொல்லித் தந்தாள். இறக்குவதற்குச் சற்று முன்னர்தான் போடவேண்டும், கொதிக்கவிட்டால் வாசனை ஓடிவிடும். அவரைக்கும் கிழங்குக்கும் கொழுப்பிறைச்சிக்கும் ஏற்றது. காய்ந்தாலும் வாசனை குறையாத இலை இது என்றாள்.

எங்களுக்கு நகரத்து ஓரத்தில் ஒரு துண்டுத் தோட்டம் இருக்கிறது. ஜேர்மன்காரர் சங்கம் வைத்து, நிலத்தைத் துண்டு துண்டாக வாடகைக்குக் கொடுக்கும் தோட்டம். அங்கே நான் மரு போடுகிறேன். விதை தூசி மாதிரி. மண்ணால் மூடக்கூடாது, மேலே தூவி உள்ளங்கையால் அமத்திவிட்டு விசிறித் தண்ணீர் காட்டவேண்டும். பனி பட்டால் ஒரே இரவில் செத்துப்போகும். ஆகையால் மாசி பங்குனியில் யன்னல் ஓரம் முளைக்கவைத்து, வைகாசி பாதிக்குப் பிறகுதான் வெளியே கொண்டுபோவேன். மொட்டுகள் சின்னச் சின்ன முடிச்சுப்போல் வந்து, விரியமுன் வெட்டவேண்டும். கட்டுக்கட்டாக நிழலில் தொங்கவிட்டால் சரி.

போன கோடையில் என் மருச் செடி நடைபாதைக்கு ஒரு சாண் சரிந்துவிட்டது என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு சாணுக்கு இரண்டு பக்கக் கடிதம், படத்தோடு! இத்தனை நாளுக்குள் வெட்டவேண்டும், வெட்டியதை எழுத்தில் அறிவிக்கவேண்டும். நான் கோபத்தோடு எழுதிய பதிலில் சங்கத் தலைவரை ‘நீ’ என்று எழுதிவிட்டேன். எங்களுக்கு நீயும் நீங்களும் இருக்க நடுவில் ஒரு ‘நீர்’ இருக்கிறது, மனிதரை அளந்து வைக்கலாம். அவர்களுடைய பாஷையில் அந்த நடுப்படி இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்டு வேறொரு கடிதம் எழுதினேன். இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இரவல் நிலத்தில் ஒரு சாண் செடிக்கு என்னிடம் இத்தனை முறை எழுத்தில் கேட்கிறார்கள்.

3

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஊருக்குப் போனேன். போகும்போது ஒரு பை மரு விதை கொண்டுபோனேன். ஒளிக்கவில்லை, படிவத்தில் எழுதினேன். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி, “இதுக்கு அனுமதிக் கடிதம் இருக்கோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். பையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார். சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனாலும் ஊர் போய்ச் சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே போனேன். பிறகு பார்த்தால் யாழ்ப்பாணத்தில் கன்று விற்கும் ஒரு கடையில், மலைநாட்டிலிருந்து வந்த மருக் கன்றுகள் றோசாவுக்குப் பின்னால் கேட்பாரற்று நிற்கின்றன. மூன்று கன்று வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்குப் போனேன்.

றெஜினா அப்போதுதான் எங்கள் வீட்டைப் பார்க்கத் தொடங்கியிருந்தாள். என்னை விடப் பதினைந்து வயது இளையவள். கடற்கரைப் பக்கம் வீடு. காலையில் வந்து, தன்னிடம் இருந்த திறப்பால் பூட்டைத் திறந்து, கூட்டி, கதவு யன்னல் திறந்து காற்றுப் பிடிக்கவிட்டு, எங்கள் கிணற்றில் இரண்டு குடம் அள்ளிக்கொண்டு போவாள். அவர்கள் பக்கத்துக் கிணறுகள் எல்லாம் உவர். எங்கள் கிணறு நல்ல தண்ணீர்.

“அக்கா, இது கோயில் மாலைக்கு வைக்கிறதெல்லோ?” என்று கன்றை முகர்ந்து பார்த்தாள். “நாங்கள் வேதக்காரர். எங்கட கையாலை வளத்தால் கோயிலுக்கு எடுப்பினமோ?”

“இலைக்கென்ன சமயம்? நீர் நடும்.”

முதல் மாரியில் மூன்றில் இரண்டு அழுகிப் போனது. மருவுக்கு வெயில் வேண்டும், சுண்ணாம்பு மண் பிடிக்கும், வேரில் தண்ணீர் தேங்கினால் முடிந்தது கதை. இதை நான் ஜேர்மனியிலிருந்து போனில் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்த நேரம், றெஜினா எனக்கு முன்னமே யோசித்து, இடிந்த வேலிக் கல்லை எடுத்துப் பாத்தியை உயர்த்திக் கட்டிவிட்டாள். முருகைக்கல்லுக்குள் சுண்ணாம்புக்கு என்ன குறை? பின்னேர வெயில் சுடுகிறது என்று பப்பாசியின் நிழலுக்குத் தள்ளிக் கட்டினாள். மிஞ்சிய ஒற்றைக் கன்றிலிருந்து தண்டு தண்டாகக் கிள்ளி நட்டு, அடுத்த வருடம் பாத்தி நிறைய நின்றது. எனக்குத் தெரிந்தது புத்தகம், அவளுக்குத் தெரிந்தது அந்த மண்.

மாலை கட்டுபவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கினார். யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காரர் தங்கும் ஒரு விடுதிச் சமையற்காரர் காய்ந்த இலையை மாதம் மாதம் எடுத்தார். அவள் தானாகவும் சில வித்தைகள் கண்டுபிடித்தாள். விளைமீனுக்கு மிளகாய்த்தூள் பிரட்டும்போது மருவையும் அரைத்துப் பூசினாள். சொதியை இறக்கும்போது நாலு இலை கிள்ளிப் போட்டாள். “ஒருக்கால் கூழுக்குள்ளையும் போட்டனான் அக்கா” என்றபோது, “ஐயோ, கூழைக் கெடுத்துப்போட்டீரே!” என்று கத்தினேன். “நீங்கள் குடிச்சுப் பாக்காமல் கத்தாதேங்கோ” என்று சிரித்தாள்.

4

படம் வந்த அன்றே அண்ணைக்குப் போன் எடுத்தேன். கனடாவில் அப்போது காலை. கோப்பி குடித்துக்கொண்டு நல்ல சந்தோசத்தில் இருந்தார்.

“எப்பிடி இருக்கு வளவு? சும்மா பளிங்கு மாதிரி இல்லையே?”

“ஆரைக் கேட்டு இந்தக் கண்டறியாத கல்லைப் பதிச்சனீங்கள்?”

“ஏனடி குதிக்கிறாய்? வாற ஆடியிலை பிள்ளையள் வருகுதுகள். அதுகள் மண்ணிலை நடக்குமே? போனமுறை சின்னவளுக்குக் காலெல்லாம் கடி. பத்தையும் பாம்பும்.”

“அங்கை எங்கை பத்தை? றெஜினா நாளாந்தம் கூட்டுற வளவு. அவளின்ரை பாத்தி என்னாச்சு?”

“அது நாலு செடிதானே. சட்டியிலை வைக்கச் சொன்னனான்.”

நாலு செடிதானே! எனக்கு விசர் பிடித்தது. எங்கள் ஆட்களின் நியாயம் இதுதான். நாலு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு கிழமை வந்து நிற்பவரின் பிள்ளைக்குக் கால் கூசக்கூடாது. நாள்தோறும் அங்கே நிற்பவள் சட்டியில் வைத்துப் பிழைக்கட்டும். தீவுப்பகுதியில் போய்ப் பாருங்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை மாளிகைகள். சிங்கம் வைத்த படலை, கண்ணாடி யன்னல், பளபளக்கும் மாபிள். உள்ளே ஒரு விளக்குக்கூட எரியாது. நல்ல தண்ணீர் கிணறு எத்தனை என்று விரல் விட்டு எண்ணக்கூடிய ஊரில், வளவு முழுக்கக் கல்லும் சீமெந்தும் போட்டு மூடுகிறோம். பெய்யும் மழை எங்கே இறங்கும்? மேலே மழைத் தண்ணீர் இறங்கினால்தானே கீழே உப்பை அமத்தி வைக்கும்? இதை ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் நாங்கள் வெளிநாட்டுக்காரர், எங்களுக்கு எல்லாம் தெரியும்.

எங்கள் வீட்டை அப்படிப்பட்ட வீடுகளில் ஒன்றாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் றெஜினா நடமாடினாள், பாத்தியில் ஏதோ பச்சையாக நின்றது, கிணற்றில் கப்பி ஓடியது.

“நான் களவாய்ச் செய்யேல்லை” என்றார் அண்ணை. “குறூப்பிலை போட்டு எல்லாரையும் கேட்டனான். எல்லாரும் ஓம் எண்டவை. நீயும்தான்.”

“பொய்!” என்றேன். “நான் ஒருநாளும் ஓம் சொல்லேல்லை.” போனை வைத்துவிட்டேன். அண்ணையோடு கதைத்துப் பாதியில் போன் வைத்தது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தரம்.

5

என் மகள் ஹம்பேர்க்கில் வேலை செய்கிறாள். கிழமையில் ஒருமுறை கதைப்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள், இருவருக்கும் பழகிவிட்டது. குடும்பக் குழுவிலும் இருக்கிறாள். சத்தம் வராமல் அமர்த்தி வைத்திருக்கிறாள். அன்றிரவே மாமாவின் அநியாயத்தை அவளிடம் கொட்டித் தீர்த்தேன். “அம்மா, அது ஒரு செடி” என்றாள் முதலில். “செடி இல்லையடி, அது ஒருத்தியின்ரை சீவியம்” என்று அழுதேன். அவள் பயந்துபோய், “சரி, மாமா என்ன எழுதினவர் எண்டு பாக்கிறன்” என்றாள். அழுகிற அம்மாவுக்காகத் தமிழ் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு படம் அனுப்பினாள். குழுவில் சித்திரை மாதம் வந்த செய்தி. ‘இறுப்பிட்டி வளவு முழுவதும் கல் பதிக்க உத்தேசம். அனைவரின் சம்மதமும் வேண்டும்’ என்று அண்ணை எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக விரல்கள். முதல் விரல் என்னுடையது.

“இது நீங்கள்தானே, அம்மா?” என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் வாசிப்பது எழுத்துக்கூட்டித்தான். அந்த விரலை வாசிக்க அவளுக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை.

அன்று நான் வேலைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்திருப்பேன். அதற்கு மேலே ஒரு மரண அறிவித்தல், கீழே யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். எங்கள் ஆட்களுக்கு இந்த விரல் ஒரு மரியாதை. செத்தவீட்டுக்கும் போடுவோம், பிள்ளை பெரிசான சாமத்திய வீட்டுக்கும் போடுவோம், கோயிலுக்கு அத்திவாரம் தோண்டினாலும் போடுவோம். போடாவிட்டால், “என்ன, உங்களோடை அவைக்கு ஏதும் மனத்தாங்கலோ?” என்று கேட்பார்கள். வாசித்துவிட்டுப் போடவேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. நானும் நினைக்கவில்லை.

இதில் ஒரு விசயத்தை வெளியூர் வாசகருக்குச் சொல்லவேண்டும். எங்கள் வழக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். இறுப்பிட்டி வீடு என் சீதன வீடு, உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. அண்ணை எவ்வளவு பெரிய மனுசனாக இருந்தாலும் என் சொல் இல்லாமல் அந்த வளவில் ஒரு கல்லை நகர்த்த முடியாது. மற்ற விரல்கள் எல்லாம் சும்மா மரியாதை. என் விரல் ஒன்றுதான் சம்மதம். அதுவரை அண்ணையைத் தின்று துப்பிய கோபம், எங்கே போவது என்று தெரியாமல் எனக்கு நேரே திரும்பி நின்றது.

6

அடுத்த நாள் அண்ணைக்கு எழுதினேன். பிழை என்னில்தான், ஆனால் கல்லைக் கிளப்பவேண்டும், மேசன்மாரோடு நானே கதைக்கிறேன் என்று எழுதினேன். ‘சரி’ என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. அதன்பிறகு றெஜினாவுக்குப் போன் எடுத்தேன். மன்னிப்பை எப்படித் தொடங்குவது என்று பஸ்ஸுக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருந்தேன். அவள் “வணக்கமக்கா” என்றதும் எல்லாம் மறந்துபோயிற்று.

“றெஜினா, நீர் ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? கல்லோடை வந்த அண்டைக்கே போன் எடுத்திருக்கலாமே?”

“மேசன்மாரை நான் மறிச்சனான் அக்கா. ‘இது அக்கான்ரை வளவு, அவவைக் கேட்டுப்போட்டுத் தொடுங்கோ’ எண்டு படலையிலை நிண்டனான். அவை அண்ணைக்கு எடுத்தவை. அண்ணை உங்கட விரலை எனக்கு அனுப்பிக் காட்டினவர். பிறகு நான் என்னத்தைக் கேக்கிறது?”

அவளே தொடர்ந்தாள்.

“அக்கா ஓம் எண்டபிறகு சரிதானே எண்டு, முதல் செடியை நான்தான் பிடுங்கினனான். அவையின்ரை மண்வெட்டி படக்கூடாது எண்டு வேரோடை எடுத்தனான். எங்கட வீட்டடியிலை வைச்சுப் பாத்தன். உவர்த்தண்ணி, கடல்காத்து. ஒண்டும் நிக்கேல்லை.”

“கல்லைக் கிளப்பச் சொல்லுறன், றெஜினா. திரும்பக் கன்று வாங்குவம். பாத்தியை முந்தினதிலும் பெரிசாக் கட்டுவம். நான் அடுத்த மாதமே வாறன்.”

“வேண்டாமக்கா” என்றாள். கோபமில்லாத குரல். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். “கோவிச்சுச் சொல்லேல்லை. நாங்கள் மாதமுடிவிலை யாழ்ப்பாணம், நாவாந்துறைக்குப் போறம், என்ரை தமக்கை வீட்டோடை. அங்கை ஒரு கருவாட்டு வாடியிலை எனக்கு வேலை சொல்லியிருக்கினம். இவருக்கும் ஆசுப்பத்திரி கிட்ட.”

“போகத்தான் வேணுமோ?”

“ஓமக்கா.” பிறகு கேட்டாள். “வீட்டுத் திறப்பு என்னட்டை இருக்கு. ஆரிட்டைக் குடுத்துவிட்டுப் போக?”

ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். இடப்பக்கத்து வீட்டார் பாரிஸில். வலப்பக்கத்து வீட்டார் லண்டனில். முன்வீட்டுப் படலையில் துருப்பிடித்த பூட்டு. சித்தப்பாவின் பிள்ளைகள் நோர்வேயில், மாமியின் பிள்ளைகள் சுவிஸில், அண்ணை கனடாவில், நான் இங்கே. குழுவில் அத்தனை பேர் இருக்கிறோம்.

“யோசிச்சுச் சொல்லுறன்” என்றேன்.

“கெதியாச் சொல்லுங்கோ அக்கா” என்று சொல்லி அவள் போனை வைத்தாள். இன்றைக்கு ஐந்தாவது நாள். இறுப்பிட்டியில் திறப்பை வாங்கி வைக்க ஒரு மனிதரின் பெயர் எனக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை.